ஆற்றுக்குக் காய்ச்சல் பார்த்தவள்

முப்பத்தோரு வருடம் தைசியா ஆற்றுக்குக் காய்ச்சல் பார்த்தாள். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மாலை எட்டு மணிக்கு ஒரு தடவை. கயிற்றில் கட்டிய வெப்பமானியை த்வீனா ஆற்றுக்குள் இறக்கி, ஐந்து நிமிடம் நின்று, தூக்கிப் பார்த்து, நோட்டில் எழுதுவாள். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம், பனிக்கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதும் அந்த நோட்டில் ஏறும். பிறகு கடைக்குப் போய், கோர்கா தீவில் இருந்த ஒரே தொலைபேசியில், எதிர்க்கரை ஆர்க்காங்கெல்ஸ்க் நகரத்து அலுவலகத்துக்கு எண்களைப் படித்துக் காட்டுவாள். ஒரு எண்ணைக்கூட இரண்டாம் முறை சொல்ல மாட்டாள். காது கேட்காதவர்களை ஏன் வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு தீராத கோபம்.

எங்கள் பக்கத்துக்கு நான்கு பருவம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கும். அதை எழுதிய புண்ணியவான் தீவில் ஒரு வாரம்கூட இருந்ததில்லை. ஆறு மாதம் ஆறு உறைந்து கிடக்கும், நடந்து போவோம். ஐந்து மாதம் ஓடும், படகில் போவோம். நடுவில் வருடத்துக்கு இரண்டு முறை வருமே ஓர் இரண்டுங்கெட்டான் காலம், அதற்குப் பேரே கிடையாது. நடந்தால் உள்ளே போய்விடுவோம், படகு விட்டால் நொறுங்கிவிடும். நகரம் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் கண்ணெதிரே விளக்கு போட்டுக்கொண்டு நிற்கும். அங்கே டிராம் வண்டி திரும்பும் சத்தம்கூடக் கேட்கும். போகத்தான் முடியாது.

அந்தக் காலம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று சொல்வதும் தைசியாவின் வேலைதான். நவம்பரில் பனிக்கட்டி தாங்கும் என்று தெரிந்ததும் வழியைத் திறப்பாள். ஊசியிலை மரக்கிளைகளை வரிசையாக நட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பாதை போடுவாள். ஏப்ரல் கடைசியில் ‘வழி மூடப்பட்டது’ என்று பலகை வைப்பாள். நவம்பரில் இன்னும் திறக்கவில்லையே என்று திட்டு, ஏப்ரலில் அதற்குள் மூடிவிட்டாளே என்று திட்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

ஆனால் ஒன்று. தீவுக்காரர்கள் யாரும் அந்தப் பலகையைப் பார்த்ததில்லை. அரசாங்கப் பலகையை நம்பி வாழ்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவர்கள் பார்ப்பது தைசியாவின் காலடியை. அவளுடைய இடது பூட்ஸின் அடியில் பிறை மாதிரி ஒரு ரப்பர் ஒட்டு உண்டு. காலையில் பனியின் மேல் அந்தப் பிறை எதிர்க்கரை நோக்கிப் போயிருந்தால் வழி நல்ல வழி. பலகை என்ன சொன்னாலும் சரி, பிறைக்குப் பின்னால் மனிதர்கள் வரிசையாக நடப்பார்கள். பாதியில் திரும்பியிருந்தால் அவர்களும் திரும்புவார்கள். இது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தன் காலை எங்கே வைக்கிறோம் என்பதில் அவளுக்கு அத்தனை கறார்.

அவள் கணவன் யெர்மொலாய், இழுவைப் படகில் இயந்திரம் பார்த்தவன். அவர்கள் கல்யாணத்துக்கே பனிக்கட்டிதான் காரணம். தைசியா வேலைக்குச் சேர்ந்த முதல் நவம்பர், எட்டு சென்டிமீட்டர் கனத்தின் மேல் ஒருவன் கையை வீசிக்கொண்டு நடந்து வந்தான். கரையேறியதும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆழம் தெரியாம கால விடாதேன்னு உங்க வீட்ல யாரும் சொல்லித் தரலியா?”

“ஆழம் எனக்குத் தெரியுமே. ஒம்பது மீட்டர். கனம்தான் தெரியல. எவ்வளவு?”

“எட்டு. நாய்கூட நடக்காது.”

“அதான் நாயக் கூட்டிட்டு வரல” என்று சொல்லி, தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் வைத்தான். தொப்பிக்கு அடியிலிருந்து ஒரு வண்டி முடி சுருள் சுருளாக வந்து விழுந்தது. தைசியாவுக்கு அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை.

அந்த முடி தீவு முழுக்கப் பிரசித்தம். கடல் காற்றும் கம்பளித் தொப்பியும் சேர்ந்து எங்கள் ஆண்களில் பாதிப் பேரை நாற்பது வயதுக்குள் மொட்டையாக்கிவிடும். யெர்மொலாய்க்கு மட்டும் ஐம்பத்தெட்டு வயதிலும் காடு மாதிரி இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. கல்யாணத்துக்குப் பிறகு, குளிர் மைனஸ் முப்பது டிகிரிக்குக் கீழே போனால்தான் தொப்பி போடுவான். “அது அழகுக்கு இல்ல, காத்து பாக்கறதுக்கு. முடி எந்தப் பக்கம் பறக்குதோ அதான் காத்து” என்பான். தைசியா, “காத்து பாக்க எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க, நீ சும்மா சீவிட்டு இரு” என்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தக் கேலியில்தான் முப்பது வருடம் ஓடியது.

எண்பத்து மூன்றாம் வருடம் பிப்ரவரியில் அவனை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கழுத்தில் ஒரு கட்டி. அதற்கு மருந்து ஊசிகள். வாரத்துக்கு மூன்று நாள் தைசியா ஆற்றின் மேல் நடந்து போய்ப் பார்த்துவிட்டு, மாலை எட்டு மணிக் கணக்குக்குள் திரும்பிவிடுவாள். மார்ச் நடுவில் ஒரு நாள் யெர்மொலாய் தொலைபேசியில் சொன்னான்.

“தாஸ்யா, இனிமே வராத. இங்க எல்லாருக்கும் சளிக் காய்ச்சல். வெளியாளுங்கள மாடிக்கு விட மாட்டாங்களாம்.”

மார்ச் ஈரத்தில் எங்கள் ஆஸ்பத்திரிகளில் இது வழக்கம்தான். அவள் நம்பினாள். மீன் வைத்துச் சுட்ட ரொட்டியையும், சதுப்பு நிலத்தில் பறித்த மொரோஷ்காப் பழத்தைச் சர்க்கரையில் போட்டு வைத்த ஜாடியையும் கீழே ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். பேச்செல்லாம் தொலைபேசியில். தினமும் மாலை ஏழு மணிக்கு அவன் ஆஸ்பத்திரி நடையிலிருந்து கடைக்குக் கூப்பிடுவான்.

ஏப்ரல் இருபதாம் தேதி டாக்டரம்மா கீழே இறங்கி வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இனி ஊசி போட்டுப் பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், அவரும் அதைத்தான் கேட்கிறார் என்றார். எத்தனை நாள் என்று தைசியா கேட்டாள். டாக்டரம்மா எண் எதுவும் சொல்லவில்லை. காகிதங்கள் தயாராக ஐந்து நாள் ஆகும், உடனே வேண்டுமானால் அவசரப்படுத்தி நாளைக்கே தரலாம் என்று மட்டும் சொன்னார்.

இங்கேதான் தைசியா தவறு செய்தாள். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் நாளைக்கே என்றிருப்பாள். இவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். வழி மூடிய நாளுக்கு முப்பத்தோரு வருடத்துச் சராசரி, ஏப்ரல் இருபத்தேழு. இருபத்தைந்துக்கு முன்னால் வழியை மூடியது இரண்டே முறை. இடையில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, அவன் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திவிடலாம். “இருபத்தஞ்சு போதும் டாக்டர்” என்றாள். சராசரி என்று ஒரு வருடம் எந்த நூற்றாண்டிலும் வந்ததில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

அன்று மாலை யெர்மொலாய் பேசினான். “சுண்ணாம்பெல்லாம் எதுக்கு? நான் என்ன கவர்னரா? என் கட்டில்ல படுக்கணும், ஆறு போற சத்தம் கேக்கணும். அவ்வளவுதான். இங்க ஜன்னலத் தெறந்தா கரிக் குவியல்.”

“அஞ்சே நாள். பொறுத்துக்கோ.”

“நீ சொன்னா சரி. நீ எண்ணுல தப்பு பண்ண மாட்ட.”

இருபத்திரண்டாம் தேதி தென்மேற்கிலிருந்து சூடான காற்றும் மழையும் வந்தன. மழை பனிக்கட்டிக்குக் கறையான். மேலே பார்த்தால் நாற்பது சென்டிமீட்டர் கனம் அப்படியே இருக்கும், உள்ளே செங்குத்தாக ஊசி ஊசியாகப் பிரிந்துவிடும். இருபத்து மூன்றாம் தேதி காலை தைசியா கடப்பாரையோடு ஆற்றில் இறங்கினாள். நல்ல பனிக்கட்டிக்கு இருபது குத்து வேண்டும். மூன்றில் போய்விட்டால் மூட வேண்டும். அன்று இரண்டாவது குத்திலேயே கடப்பாரை உள்ளே போய், தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது. இன்னும் பத்தடி தள்ளிக் குத்தினாள். இரண்டு. இன்னொரு இடம். இரண்டு.

கரையில் பத்திருபது பேர் காத்திருந்தார்கள். மர ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள், சந்தைக்கு மீன் கொண்டுபோகிறவர்கள். கடைக்காரி உலியானாவும் நின்றாள். தைசியாவின் வயதுக்காரி, தைசியாவைவிட இரண்டு மடங்கு அகலம், நான்கு மடங்கு சத்தம்.

“ஏன்டி, முகம் இப்படி இருக்கு? மூடப் போறியா?”

“மூடறேன்.”

“அடிப் பாவி, நாளன்னிக்கு உம் புருஷன் வரணும்டி! ரெண்டு நாள் கண்ண மூடிக்கயேன்.”

“நான் கண்ண மூடினா அது கெட்டியாயிடுமா?”

கூட்டத்திலிருந்து ஸோசிமா முன்னால் வந்தான். மர ஆலைக்காரன், விழாக்களில் துருத்திப் பெட்டி வாசிப்பவன். “தைசியாக்கா, அண்ணன் வர்றத விடு. நீ மட்டுமாவது இப்பவே ஓரமா நடந்து அந்தப் பக்கம் போயிடேன். பனிக்கட்டி மேல மரப்பலகையப் போட்டு நான் கூட வரேன். பக்கத்துல இருக்கலாம்ல?”

அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. மரப்பலகைகளைத் தள்ளித் தள்ளி, படுத்துக்கூட, ஒரு ஆள் போய்விடலாம். அவள் விளிம்பு வரை போய் நின்றாள். ஆற்றின் மேல் மழையில் இளகிய பனி படிந்திருந்தது. அதில் ஒரு காலை வைத்தால் பிறை விழும். அந்தப் பிறையை மதியத்துக்குள் இருபது பேர் மிதிப்பார்கள். அதில் மீன் கூடையும் குழந்தையுமாகப் போகிறவர்களும் இருப்பார்கள். அவள் பின்வாங்கி வந்து அறிவிப்புப் பலகையை நட்டாள். அன்று ஒருவர்கூட ஆற்றில் இறங்கவில்லை.

இப்படிப்பட்டவளை என்ன சொல்வது? கல் நெஞ்சுக்காரி என்று அன்று தீவில் இரண்டு பேர் சொன்னார்கள். அந்த இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மழை இன்னும் நாலு நாள் பெய்திருந்தால் பனிக்கட்டி உடைந்து கடலுக்குப் போயிருக்கும், படகு வந்திருக்கும். ஆனால் அடுத்த நாளே காற்று வடக்குக்கு மாறியது. கடலிலிருந்து வரும் காற்று அது. தண்ணீரை மேலே தள்ளி, உடைந்த பாளங்களை ஆற்று முகத்துவாரத்துக்குள் போட்டு அடைத்துவிடும். மேலே ஆற்றில் உடைந்தவையும் வந்து முட்டிக்கொண்டு, எங்கள் தீவுக்கும் நகரத்துக்கும் நடுவில் வீட்டு உயரத்துக்குக் குவிந்து நின்றன. போகவும் இல்லை, தாங்கவும் இல்லை. அவசர நோயாளிக்கு ஹெலிகாப்டர் அனுப்புவார்கள்தான். ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுக்க ஆசைப்படுபவன் அவசர நோயாளிக் கணக்கில் வர மாட்டான்.

ஏப்ரல் முடிந்தது. மே முதல் தேதி ஊர்வலத்துப் பேண்டுச் சத்தம் எதிர்க்கரையிலிருந்து வந்தது. தைசியா காலையும் மாலையும் நோட்டில் எழுதினாள்: காற்று வடக்கு. காற்று வடக்கு. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, கட்டிலை நகர்த்தியாயிற்று. அந்தக் கட்டிலை அவளால் பார்க்க முடியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

தொலைபேசியில் யெர்மொலாயின் குரல் நாளுக்கு நாள் மெலிந்தது.

“போச்சா?”

“இல்ல.”

“எதுக்கு நிக்குதாம்?”

“வடக்குக் காத்து.”

“சரி. வை. நிக்க முடியல.”

முன்பெல்லாம் பத்து நிமிடம் பேசுவான். மே மூன்றாம் தேதி இவ்வளவுதான் பேசினான். தைசியா தொலைபேசியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். ‘நீ எண்ணுல தப்பு பண்ண மாட்ட’ என்று அவன் சொன்னது அவளுக்குக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உலியானா ரொட்டித் தட்டுகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு மெல்லச் சொன்னாள். “இந்தா, கோவிச்சுக்காத. மொட்டைய எண்ணிப் பாக்கலாமா?”

எங்கள் பக்கத்தில் அது ஒரு பழைய பழக்கம். கடலுக்குப் போன படகுகள் எதிர்காற்றில் மாட்டிக்கொண்டால் கரையில் இருக்கும் பெண்கள் செய்வது. சொந்தக் கரையைச் சேர்ந்த, உயிரோடு இருக்கிற, இருபத்தேழு மொட்டைத் தலையர்களைப் பேர் சொல்லி எண்ண வேண்டும். ஒரு பேருக்கு ஒரு வெட்டு, ஒரு சிராய்க் குச்சியில். எண்ணி முடித்ததும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேல் குச்சியை வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். காற்று மாறிவிடும். ஏன் மொட்டை, ஏன் இருபத்தேழு என்று யாரும் கேட்டதில்லை. இவர்கள் இருவரின் அம்மாக்களும் செய்திருக்கிறார்கள்.

தைசியாவுக்கு வந்ததே கோபம். “மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறவங்களப் பாத்திருக்கேன். நீ மொட்டத் தலைக்கும் காத்துக்கும் போடறியா? நான் அரசாங்க நோட்டுல காத்து எழுதறவ!”

“எழுதி என்னத்தக் கண்ட? வடக்கு, வடக்குன்னு பத்து நாளா எழுதற. காத்துக்கே போரடிச்சிருக்கும்.”

தைசியா கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை நகரத்து அலுவலகம், நாளை காற்று தெற்குக்கு மாறலாம் என்றது. அந்த வாரத்தில் அவர்கள் ‘மாறலாம்’ என்று சொன்னது அது நான்காவது தடவை. அன்று மாலை ஆறரை மணிக்குத் தைசியா கடைக்குள் வந்தாள். கையில் அடுப்புச் சிராய் ஒன்று, மீன் கத்தி ஒன்று. யாரையும் பார்க்காமல் மேஜையில் உட்கார்ந்தாள்.

“யாரு முதல்ல?” என்றாள்.

உலியானா கேலி செய்யவில்லை. கதவில் ‘கடை மூடியிருக்கிறது’ அட்டையைத் தொங்கவிட்டாள். எங்கள் ஊரில் அந்த அட்டையைப் பார்த்தால்தான் ஜனம் உள்ளே வரும். கால் மணி நேரத்தில் கடை நிறைந்துவிட்டது.

“பிரோகோப்!” என்றது ஒரு குரல். வெட்டு. “தபால்காரன் எவ்லாம்பி!” வெட்டு. “அவன் தம்பி!” வெட்டு. “பள்ளிக்கூட வாத்தியார்!”

“வாத்தியார் மொட்டை இல்ல. நெத்தி பெருசு.”

“முதுகு வரைக்குமா நெத்தி? வெட்டுடி!”

“குஸ்மா?”

“குஸ்மா போன வருஷம் செத்தாச்சு. காத்து என்ன, முட்டாளா? கண்டுபிடிச்சிடும்.”

“அப்ப அவன் மச்சான். அவன் உயிரோடதான் இருக்கான், நேத்துகூடக் கடன் கேட்டான்.”

இப்படிப் போயிற்று. சிரிப்பும் சண்டையுமாகப் பதினைந்து, இருபது. தைசியா மட்டும் சிரிக்கவில்லை. அலுவலகத்துக்கு எண் படிக்கும் அதே முகத்தோடு ஒவ்வொரு பேரையும் திருப்பிச் சொல்லி வெட்டினாள். சந்தேகமான தலையை ஒத்துக்கொள்ளவில்லை. பாதி மொட்டைக்குப் பாதி வெட்டு போடலாமே என்று யாரோ சொன்னதற்கு, அப்படி ஓர் அளவு கிடையாது என்றாள். இருபத்தைந்தில் வந்து நின்றது.

எல்லோரும் மூலையில் நின்ற ஸோசிமாவைப் பார்த்தார்கள். ஸோசிமாவுக்கு வலது காதுக்கு மேல் ஒரு கைப்பிடி முடி உண்டு. அதை முழ நீளம் வளர்த்து, தலையைச் சுற்றி இடது காது வரைக்கும் இழுத்து, சர்க்கரைத் தண்ணீர் போட்டு ஒட்டியிருப்பான். பதினைந்து வருடமாக அதைப் பற்றி அவன் முன்னால் யாரும் பேசியதில்லை. பேசிய ஒருவன் மூக்கு இன்னும் கோணல்.

“என்ன ஏன் பாக்கறீங்க? எனக்கு இருக்கு.”

“இருக்கு, இருக்கு” என்றாள் உலியானா அவசரமாக. “அவன விடுங்க.”

ஸோசிமா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். பிறகு மேஜைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, அந்த முடியைக் கையால் பிடித்து எடுத்து வலது தோளில் போட்டான். விளக்கு வெளிச்சத்தில் தலை பளபளத்தது.

“அண்ணன் என்னப் படகுல சேத்துக்கிட்டப்போ எனக்குப் பதினேழு வயசு” என்றான். “வெட்டுக்கா.”

இருபத்தாறு. அதற்கு மேல் ஆள் இல்லை. வீடு வீடாக மனதுக்குள் நடந்து பார்த்தார்கள். படுக்கையில் கிடக்கும் கிழவர்களுக்கும் ஒரு கற்றை இருந்தது. நகரத்துக்குக் குடிபோனவர்கள் இந்தக் கரைக் கணக்கில் சேர மாட்டார்கள். தைசியா குச்சியை மேஜையில் வைத்தாள். “ஒண்ணு குறையுது” என்றாள். அவள் சொன்ன விதத்தில் கடையே அடங்கிப்போயிற்று.

அப்போது தொலைபேசி அடித்தது. ஏழு மணி. உலியானா எடுத்து, “யெர்மோஷா, நல்லா இருக்கியா, இந்தா தரேன்” என்று கத்திவிட்டுத் தைசியாவிடம் நீட்டினாள். அவன் குரல் கேட்க எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“கடைல என்ன அவ்வளவு கூட்டம்? யாராவது போயிட்டாங்களா?”

“இல்ல. எல்லாரும் இருக்காங்க.” அவள் தயங்கினாள். “மொட்டைய எண்ணறோம்.”

அந்தப் பக்கம் சிரிப்பு மாதிரி ஒன்று, இருமலாக முடிந்தது. “நீயா?”

“நான்தான்.”

“எவ்வளவு ஆச்சு?”

“இருபத்தாறு. ஸோசிமாவையும் சேத்து.”

“ஸோசிமா ஒத்துக்கிட்டானா!” அவன் மூச்சு கடை முழுக்கக் கேட்டது. “தாஸ்யா, என்னையும் எழுதிக்கோ.”

“விளையாடற நேரமா இது?”

“விளையாடல. மார்ச்சிலயே போச்சு. ஊசி போட்ட மூணாவது வாரம், தலகாணியோட வந்துடுச்சு. ஒண்ணுகூட இல்ல. சளிக் காய்ச்சல்லாம் ஒண்ணும் கிடையாது இங்க. நீ பாத்துடக் கூடாதுன்னு நான்தான் பொய் சொன்னேன்.”

ஒரு மாதத்துக்கு மேல் அவள் அந்தக் கட்டிடத்தின் கீழே ஜன்னலில் ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அவன் மாடியில் உட்கார்ந்து மறைந்திருக்கிறான். இத்தனை நாளும், ஒரு தலைமுடிக்காக. அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஆறு கிடந்தது.

“நீ இந்தக் கரைக்காரன்தான?” என்றாள் கடைசியில்.

“வேற எந்தக் கரை எனக்கு?”

“உயிரோடதான இருக்க?”

“இருக்கேன். படகு வர வரைக்கும் இருக்கேன், போதுமா?”

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “யெர்மொலாய்” என்று பேர் சொல்லி வெட்டினாள். அந்த வெட்டு மற்றவற்றைவிட ஆழமாக இறங்கியது. உலியானா இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு மாவு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டாள்.

எட்டு மணிக் கணக்குக்குப் போகும்போதே குச்சியையும் கொண்டு போனாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேல் வீசினாள். குச்சி தண்ணீரில் விழுந்ததா, பனிக்கட்டி மேல் விழுந்ததா என்று தெரியாது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டில் எழுதினாள்: காற்று வடக்கு, வினாடிக்கு ஆறு மீட்டர்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் காற்று தெற்கு, ஒன்பது மீட்டர். பத்தே முக்காலுக்குப் பனிக்கட்டி நகர்ந்தது. மொட்டைத் தலைகள் மாற்றினவா, அலுவலகத்தின் நான்காவது ‘மாறலாம்’ பலித்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தைசியாவிடம் கேட்டவர்களுக்கு, “காத்து மாறிச்சு. அவ்வளவுதான் நோட்டுல இருக்கு” என்ற பதில்தான் கிடைத்தது.

இரண்டு நாள் இரவும் பகலும் பாளங்கள் இடித்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போயின. ஏழாம் தேதி சாயங்காலம் முதல் படகு மிச்சப் பாளங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. யெர்மொலாய் வேலை பார்த்த அதே இழுவைப் படகு. அவனை இயந்திர அறைச் சூட்டில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். கையைக் கோத்து நாற்காலி மாதிரி செய்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். கோட்டுக்குள் ஆளே இல்லாதது மாதிரி இருந்தான். கம்பளித் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். தைசியாவைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

துறையில் தீவே நின்றது. முதலில் ஸோசிமா தொப்பியை எடுத்தான். ஒட்டாமல் விட்ட அந்த முடி காற்றில் கொடி மாதிரி பறந்தது. பிறகு பிரோகோப், எவ்லாம்பி, வாத்தியார். ஒருவர் பின் ஒருவராக எல்லா மொட்டைத் தலைகளும் வெளியே வந்தன. யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை.

யெர்மொலாய் அவர்களைப் பார்த்தான். “போடுங்கடா, சளி பிடிச்சுக்கும்” என்றான். யாரும் போடவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, அவனும் தன் தொப்பியைக் கழற்றினான்.

தைசியா கிட்டே வந்து கையுறையை எடுத்துவிட்டு, உள்ளங்கையை அவன் தலைமேல் வைத்தாள். வெப்பமானிக்கு ஐந்து நிமிடம் கொடுப்பவள், அவ்வளவு நேரமும் அப்படியே வைத்திருந்தாள்.

“குளிருதா?”

“காத்து எந்தப் பக்கம்? எனக்கு இனிமே பாக்க வழியில்ல.”

“தெற்கு.”

“அப்பக் குளிராது” என்றான்.

அதன் பிறகு இருபத்திரண்டு நாள் இருந்தான், ஜன்னல் பக்கக் கட்டிலில், ஆற்றுச் சத்தத்தில். கரையோரத்து வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரங்கள் இலை விட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனான். வீட்டுக்குள் ஒரு நாளும் தொப்பி போட அவள் விடவில்லை.

வருடக் கடைசியில் நகரத்து அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் நோட்டுகளைச் சரிபார்த்தாள். முப்பத்தோரு வருடத்தில் கோர்கா தீவின் கணக்கு ஒரே ஒரு முறை தாமதமாகியிருந்தது. மே ஏழு, மாலை எட்டு மணிக்குப் பதில் எட்டு இருபது. பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மூடுபனி, ஆலங்கட்டி என்பதைத் தவிர தைசியா எதுவும் எழுதியதில்லை. அன்று எழுதியிருந்தாள்: ‘கணவர் வீட்டுக்கு வந்தார்.’